ஆளில்லாத பக்கம்

சின்ன மாமியிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் முதலில் வீட்டிலுள்ள எல்லோரும் உங்களுக்கு எதிராக இருக்க வேண்டும். ஒருவர் மிச்சமில்லாமல். அயல்வீட்டாரும் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. இந்த ஒரு நிபந்தனையை நீங்கள் நிறைவேற்றிவிட்டால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

நான் கல்முனைக்கு மாப்பிள்ளையாகப் போனபோது அந்த நிபந்தனையை எந்த முயற்சியும் எடுக்காமலே நிறைவேற்றியிருந்தேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பகுதியில், கல்யாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. ஆண்தான் போவான். பெண்ணின் வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார். அந்த வீட்டுக்குள் கட்டில், அலுமாரி, ஃபிரிட்ஜ், மாப்பிள்ளை என்ற வரிசையில் சாமான்கள் வந்து இறங்கும். நான் இறக்காமத்திலிருந்து வந்து இறங்கினேன். இரண்டு ஊருக்கும் இடையில் மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலத் தூரம்கூட இல்லை. நடுவில் இருப்பது வயல்தான். ஆனால் கடற்கரைக்காரருக்கு வயலுக்கு அந்தப் பக்கம் எல்லாமே வெளிநாடு. நான் குளத்தங்கரையில் வளர்ந்தவன். அவர்கள் கணக்கில் விசா இல்லாமல் வந்தவன்.

என் மனைவியின் உம்மாவை நான் பெரிய மாமி என்பேன். அவருடைய தங்கைதான் சின்ன மாமி. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்தில் வீடுகள். நடுவில் மதில் இல்லை, ஒரு முருங்கை மரம் மட்டும். அது இலை கொட்டுகிறது, வெட்டிவிடலாம் என்று வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானிப்பார்கள். சின்ன மாமி வாசலில் வந்து நிற்பார். "அதுக்கிட்ட ஆராவது கேட்டீங்களா? வாயில்லாம நிக்கிது பாவம்" என்பார். மரம் இப்போதும் நிற்கிறது.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் வீட்டில் ஒரு விருந்து. ஆண்கள் ஹோலில் பாய் விரித்து இருந்தோம். சஹன்கள் வந்தன. சஹன் என்றால் பெரிய தட்டம். நடுவில் சோறு, ஓரமெல்லாம் கறி, சுற்றிவர ஐந்தாறு பேர் இருந்து ஒரே தட்டத்தில் சாப்பிடுவது. என் சஹனில் மனைவியின் அண்ணனும் அவருடைய கூட்டாளிமாரும் இருந்தார்கள்.

"மீனைப் போடுங்க மச்சான். காலையில கரைக்கு வந்த பாரை" என்றார் மச்சான்.

"எனக்குக் கடல் மீன் அவ்வளவா ஒத்துவராது. குளத்து மீன்தான்."

சுற்றியிருந்த கைகள் நின்றன. "குளத்து மீனா?" என்றார் ஒருவர், நான் ஏதோ தீராத நோயின் பெயரைச் சொன்னதுபோல. "அது சேத்து நாத்தமெல்லா அடிக்கும்."

"கடல் மீன் மட்டும் அத்தரா பூசிக்கிட்டு வருது?" என்றேன்.

பத்திரிகைகளுக்கு அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். இந்தத் தொழிலில் உள்ள பெரிய தொல்லை, சொன்னது நகைச்சுவை இல்லை என்பது வாயை விட்டுப் போன பிறகுதான் தெரியவரும். பேச்சை மாற்ற மச்சான் கிரிக்கெட்டுக்குத் தாவினார். நான் கிரிக்கெட் பார்ப்பதில்லை என்றேன். அதன்பிறகு அந்தச் சஹனில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அவசரம் வந்தது. ஒருவருக்கு ஃபோன். ஒருவருக்குப் பக்கத்துச் சஹனில் பழைய கூட்டாளி. மச்சானை யாரோ சோறு பரிமாறக் கூப்பிட்டார்களாம், எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஆறு பேருக்குரிய சோற்றின் முன்னால் நான் மட்டும் இருந்தேன். அதை முடிக்கவும் ஏலாது, விட்டெழும்பவும் ஏலாது.

அப்போது மெலிந்த மனிதர் ஒருவர் தன் சஹனை விட்டு எழும்பி வந்து என் பக்கத்தில் காலை மடக்கி இருந்தார். சின்ன மாமியின் புருஷன். ஊரில் வன்பொருள் கடை வைத்திருந்தார். ஆணி விற்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை.

"உங்கட சின்ன மாமி போய் இரிக்கச் சொன்னா" என்றார். பிறகு சாப்பிடத் தொடங்கினார்.

பெண்கள் இருந்த பக்கத்துத் திரைச்சீலை கொஞ்சம் விலகியிருந்ததை அப்போதுதான் கண்டேன். அதில் ஒரு கண் தெரிந்தது. நான் சோற்றில் கை வைத்ததும் திரை மூடிக்கொண்டது.

அடுத்த நாள் சின்ன மாமி ஆளனுப்பி விரால் வாங்கிக் கறி சமைத்தார். கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு இந்த மணம் புடிக்காதா மாமி?"

"எப்பிடிப் புடிக்கும்? சட்டிய ரெண்டு தரம் தேச்சும் போகல்ல."

"அப்ப என்னத்துக்குச் சமைச்ச நீங்க?"

"மீனுக்காகவா சமைச்ச? இந்த வீட்டில குளத்து மீனுக்கு நீங்க ஒராள்தானே மருமகன் இரிக்கீங்க."

நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். பாதி சரி. மீதி என்னவென்று தெரிய எனக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. மாதக்கணக்கில் அவர் சமைத்த விரால் கறி மெல்ல மெல்லப் பெரிய மாமி வீட்டாரின் தட்டுகளுக்குள்ளும் நுழைந்தது. முதலில் மாமனார் குழம்பை மட்டும் தொட்டுப் பார்த்தார். பிறகு மச்சான் தலையைக் கேட்டார். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து சட்டியை வழித்துத் துடைத்துவிட்டு, இனி வாராவாரம் சமைக்கலாம் என்றார்கள். அன்றோடு சின்ன மாமி விரால் சமைப்பதை நிறுத்தினார். "சேத்து நாத்தம்" என்றார் உரத்து. குளத்து மீனை வெறுக்கிற பக்கத்தில் இப்போது நிற்க யாருமில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

சின்ன மாமி கிரிக்கெட் பார்ப்பார் என்று சொல்வது முழு உண்மையல்ல. திரையின் அடியில் ஓடும் கணக்கைப் பார்ப்பார். யார் பின்னுக்கு நிற்கிறார்களோ அவர்களுக்காக முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து இருப்பார். இலங்கை வென்றுகொண்டிருந்தால் எதிரணிக்கு. எதிரணி தலையெடுத்துவிட்டால் திரும்பவும் இலங்கைக்கு. மச்சானுக்கு இது நெஞ்சு வலியைத் தந்தது.

"நம்மட நாடு எண்டு ஒண்டு இல்லையா சாச்சி?"

"நம்மட நாடு நல்லாத்தானே மனே விளையாடுது. அந்தப் பொடியன்ட முகத்தப் பாரு, தொங்கிப் போய்க் கிடக்கு. அவன்ட உம்மா எங்கயோ இருந்து பாத்துக்கிட்டிருப்பா."

"அவன் எங்களுக்குப் பந்து போட்டு மூணு விக்கட் எடுத்தவன்."

"அப்ப எடுத்தான். இப்ப அடி வாங்குறான். தோக்கிறவனுக்குத்தான் ஆள் வேணும். வெல்லுறவனுக்கு என்னத்துக்கு நாம?"

கடைசி ஓவர்வரை இழுபட்ட ஓர் ஆட்டத்தில் அவர் பந்துக்குப் பந்து கட்சி மாறினார். அன்று அவர் கேட்ட துஆக்களை வரிசைப்படுத்துவது வானத்து மலக்குமாருக்கும் சிரமமாக இருந்திருக்கும். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. வீட்டில் வேறு எல்லோரும் தலையில் கை வைத்து இருக்க, அவர் மட்டும் மனம் நிறைந்து எழும்பித் தேநீர் ஊற்றப் போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு வாசலில் கரம் போட் விரியும். அதிலும் இதே சட்டம்தான். தோற்கிற சோடிக்குத்தான் முதலில் தேநீர் வரும், பிஸ்கட்டோடு. வெல்கிறவர்களுக்குப் பிறகு வெறும் தேநீர், அதுவும் ஆறிப்போய். என்னோடு சோடி சேர யாரும் விரும்பாததற்கு என் விரல்கள் காரணம். நான் அடித்த ஸ்ட்ரைக்கர் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, காயை மட்டும் விட்டு மரியாதையாக விலகிப் போகும். ஆனால் அந்த வாசலில் என்னளவு சூடான தேநீர் குடித்தவர் வேறு யாருமில்லை.

சாப்பாட்டிலும் அவருடைய அபிப்பிராயம் நாக்கிலிருந்து பிறந்ததல்ல. எந்தப் பாத்திரம் நிறைந்தபடி கிடக்கிறது என்று பார்ப்பார், அதற்குப் பக்கத்தில் போய் இருப்பார். பெருநாள் என்றால் அவரே வட்டிலப்பம் செய்வார். கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து, தட்டை அசைத்தால் ஆடி நிற்க வேண்டிய பண்டம் அது. சின்ன மாமியின் கையில் அது ஆடாது. கத்தி கேட்கும். நல்ல கத்தி கேட்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எடுத்ததுமில்லை. பின்னேரமாகும்போது அவர் வருவார், தொடாமல் கிடக்கும் தட்டைப் பார்ப்பார். "இதுக்கு ஆள் இல்லப் போல" என்பார். ஒரு துண்டை வெட்டி எடுத்து, தட்டுக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுச் சாப்பிடுவார். அதைச் செய்தவர் தாமே என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகமிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மனைவியின் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, ஒரு சின்ன மகள் இருந்தாள். ஃபோனில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளை. அது பேசிய தமிழ் கடல் தாண்டி வந்தது. "எனக்கு ரொம்பப் பசிக்குது", "சீக்கிரம் வாங்க", "என்ன ஆச்சு" என்றெல்லாம் பேசும். எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விருந்தாளிகள் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு, "சொல்லு புள்ள, இன்னொருக்காச் சொல்லு" என்றார்கள். கொஞ்ச நாளில் பிள்ளை பேசுவதைக் குறைத்துக்கொண்டது.

ஒரு காலை சின்ன மாமி முருங்கையோரம் வந்து, "என்ன ஆச்சு, இன்னும் யாரும் எழுந்திருக்கலையா?" என்றார். பெரிய மாமி கையிலிருந்த ஈர்க்குமாற்றைக் கீழே போட்டார். அன்றிலிருந்து வாரக்கணக்கில் சின்ன மாமி அந்தப் பாஷையில்தான் கதைத்தார். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற அண்ணனிடம், "சூரை ரொம்ப விலையா இருக்கே, கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றார்.

மீன்கார அண்ணன் தராசைக் கீழே வைத்தார். "என்ன ராத்தா, டீவிக்குள்ளால இறங்கியா வாறீங்க?"

"ஆமாங்க" என்றார் சின்ன மாமி.

பிள்ளை வாசற்படியில் இருந்து சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அது எங்களைப்போலவே "ஓம்" என்றும் "ஏலா" என்றும் கதைக்கப் பழகிவிட்டது. உடனே சின்ன மாமியும் தன் பழைய தமிழுக்குத் திரும்பி வந்தார், பயணம் போய்வந்தவரைப்போலக் கொஞ்சம் களைத்து.

என் எழுத்தைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. "நல்லா எழுதுறீங்க மருமகன்" என்றார் ஒருநாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எந்தக் கட்டுரை என்று கேட்டேன்.

"நான் எங்க வாசிச்ச? ஒருத்தரும் நல்லாரிக்கி எண்டு சொல்றதாக் காணல்ல. அதுதான் சொன்னன்."

எனக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் நேர்மையானது அதுதான்.

இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளப் பார்த்தவர்களும் உண்டு. மச்சானுக்குப் பழைய வேன் ஒன்று வாங்க ஆசை வந்தது. சின்ன மாமி சொன்னால் மாமனார் கேட்பார். ஆகவே மச்சான் வீட்டிலுள்ளவர்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்து, ஆளுக்கு ஆள் தன்னை ஏச வைத்தார். எனக்கும் ஒரு வசனம் தந்தார். சின்ன மாமி வந்து, நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நல்லா நடிக்கிறீங்க" என்றார். "தனிச்சுப் போனவன் இப்பிடி வெத்திலை போட்டுக்கிட்டு இரிக்க மாட்டான்."

மச்சானுக்கு வேன் கிடைக்கவில்லை. தனித்துப்போனவனின் முகம் எப்படியிருக்கும் என்பதில் சின்ன மாமிக்குப் பிழை வராது என்பதை நாங்கள் எல்லோரும் தெரிந்துகொண்டோம்.

என் முகம் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வருடங்கள் சில போயும் நான் அந்த வீட்டில் விருந்தாளிதான். நான் வந்தால் ஹோலில் பேச்சு நிற்கும். நல்ல கோப்பையில் தேநீர் வரும். எந்தக் கதிரை என்னுடையது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றில் இருந்து பார்த்தேன். எல்லாவற்றிலிருந்தும் யாராவது எனக்காக எழும்பினார்கள். யாரும் எழும்பாத கதிரை ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் என் ஊர்ப் பக்கத்துக் காரியாலயத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. கூடவே ஒரு குவாட்டர்ஸும். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று தீர்மானித்தேன். அவளிடம் கேட்டேன். "உங்களுக்கு எப்பிடியோ அப்பிடி" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். பொம்பளைப் பிள்ளைக்கென்று கட்டிய வீட்டை விட்டுவிட்டுப் புருஷனின் ஊருக்குப் போன கதை எங்கள் குடும்பத்தில் இல்லை என்றார். ஊர் என்ன சொல்லும் என்றார் பெரிய மாமி. மச்சான் எழும்பி வெளியே போனார். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். என்னைப் போக வேண்டாம் என்று இத்தனை பேர் சொல்வது அதுதான் முதல் தடவை.

"போகட்டுமே" என்று ஒரு குரல் கேட்டது. சின்ன மாமி கதவு நிலையில் சாய்ந்து நின்றார். "அவர்ட ஊரு, அவர்ட குளம். எத்தன நாளைக்கு இந்த மனிசன் இஞ்ச விருந்தாளியா இரிக்கிற?"

அதன்பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. மாமனாரிடம் காலையில் கதைத்தார், அக்காவிடம் பின்னேரம். மச்சானைப் பிடித்து, தங்கச்சி ஊருக்குப் போனால் வருடத்தில் நாலு தரம் விரால் சாப்பிடப் போகலாம் என்றார். ஒவ்வொருவராக விழுந்தார்கள். குடும்ப வட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் பதிவுகள் நீளம் நீளமாக வந்தன. கொழும்பிலும் கட்டாரிலும் இருந்தவர்கள்கூட இரண்டு நாள் எதிர்த்துவிட்டுப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பெரிய மாமி ஊறுகாய்ப் போத்தல்களைப் பழந்துணியில் சுற்றத் தொடங்கினார். நான் கொஞ்சம் கலங்கிப்போனேன். போக வேண்டாம் என்று கெஞ்சிய வீடு ஒரு மாதத்துக்குள் எனக்குச் சட்டி பானை கட்டித் தருகிறது.

லொறி வரவேண்டிய நாளுக்கு முதல் நாள். எல்லோரும் ஹோலில் இருந்தோம். மாமனார் லொறிக்காரனோடு ஃபோனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். எந்தக் கட்டிலை முதலில் ஏற்றுவது என்று மச்சான் திட்டம் போட்டார். சின்ன மாமி வழக்கம்போல வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் ஒரே முகமாக இருந்தன. அவருக்கு அது பிடிக்காத காட்சி. சமையல் நடந்த குசினிக்குள் போனார்.

திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு கோப்பை இருந்தது. அதை மாமனாருக்கு முன்னால் வைத்தார். கோப்பைக்குள் தேங்காய்த் துருவல். கீழே பாதி வெள்ளை, மேலே பாதி மண் நிறம்.

"இந்தப் பயணம் சரிவராது" என்றார்.

"நீதானே போகச் சொன்னாய்" என்றார் பெரிய மாமி.

"அப்ப மருமகன் தனிய நிண்டார். இப்ப நீங்க எல்லாரும் அவரோட. உள்ள ஒருத்தி திருவலையில குந்திக்கிட்டு, தேங்காய் முடிஞ்சதும் தெரியாம சிரட்டையைத் திருவுறா. அவகிட்ட ஆராவது கேட்டீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் துருவலைப் பார்த்தேன்.

"கேட்டனே. உங்களுக்கு எப்பிடியோ எண்டு சொன்னா" என்றேன்.

"நம்மட வாசல் முருங்கையும் அப்பிடித்தான் சொல்லும்" என்றார் சின்ன மாமி.

குசினிக்குள் போனேன். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தேங்காய் புடிச்ச கை, கண்ணில பட்டுட்டு" என்றாள். தேங்காய் கண்ணில் பட்டு அழுதவர்கள் உலகத்தில் இல்லை. நான் பக்கத்தில் குந்தினேன்.

"போக விருப்பமில்லாட்டிச் சொல்லியிருக்கலாமே புள்ள."

"எல்லாரும் சரியெண்டு சொன்ன பொறகு நான் எப்பிடிச் சொல்ற?"

வெளியே வந்தேன். எனக்கு ஒரு கடைசி நம்பிக்கை இருந்தது. "அப்ப இனி நான்தானே தனிய நிக்கிறன். என்ட பக்கம் வர மாட்டீங்களா மாமி?"

"நீங்க எங்க தனிய?" என்றார். "உள்ள இரிக்கிறவள் உங்களோட வாறத்துக்குத்தானே வாயைப் பொத்திக்கிட்டு இரிந்தாள்."

அதற்குப் பதில் மாமனாரிடம் இருந்தது. அவர் எழும்பி நின்று என்னை ஏசத் தொடங்கினார். பொஞ்சாதியின் மனது தெரியாத நீயெல்லாம் என்ன எழுத்தாளன் என்றார். லொறிக்காரனுக்கு இனி யார் பதில் சொல்வது என்றார். மச்சான் சேர்ந்துகொண்டார். பெரிய மாமி ஊறுகாய்ப் போத்தலைத் திரும்ப அவிழ்த்தபடி அவர் பங்குக்குக் கொஞ்சம் ஏசினார். நான் பக்கத்திலிருந்த கதிரையில் போய் இருந்தேன். ஏசி முடியும்வரை யாரும் எனக்காக எழும்பவில்லை. அந்த வீட்டில் அதுவரை என்னை யாரும் ஏசியதில்லை. விருந்தாளியை யார் ஏசுவார்கள்.

அந்தக் கதிரை இன்றுவரை என்னுடையது. நான் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தேன். வரும்போது கைப்பிடியில் விரால் தொங்கும். அந்த வீதியில் என்னைத் தெரியாத மாடு கிடையாது.

ஒருநாள் சின்ன மாமியிடம் கேட்டிருக்கிறேன். "எல்லாரும் ஒண்டாச் சேந்து உங்களுக்கு எதிரா நிண்டா உங்கட பக்கம் ஆர் மாமி?"

அவர் நாடியைத் தூக்கி வாசலைக் காட்டினார். சின்ன மாமா சாய்மனைக் கதிரையில் பத்திரிகையை மார்பில் போட்டுக்கொண்டு கிடந்தார். "அந்தா இரிக்காரே. ஒண்டும் கதைக்க மாட்டார். ஆனா எழும்பிப் போகவும் மாட்டார்."

சின்ன மாமி போன வருடம் மௌத்தானார். நோய் நொடி என்று யாரையும் அலைக்கழிக்கவில்லை. விடியலில் சுபஹு தொழுத பாயிலேயே சாய்ந்துவிட்டார். இறந்தவருக்காகக் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுப்பதா வேண்டாமா என்று குடும்பத்தில் விவாதம் வந்தது. வேண்டாம் என்று சொன்னவர் கடைசியில் ஒரே ஒருவர்தான். அவர் பக்கம் போய் நிற்க ஆளில்லாததை அன்றுதான் எல்லோரும் கவனித்தோம்.

கத்தத்துக்கு ஹோல் நிறைய ஆட்கள். சஹன்கள் வந்தன. ஆளுக்கு ஆள் அவரைப் பற்றிக் கதைத்தார்கள். கோபமே வராத மனிசி என்றார் ஒருவர். கோபம் வந்து நான் பார்த்திருக்கிறேன். யாரோடும் மாறுபடாதவர் என்றார் இன்னொருவர். கடைசியில் கடையில் வாங்கிய வட்டிலப்பம் வந்தது. தட்டை வைத்ததும் ஆடியது. "எங்கட சாச்சிட வட்டிலப்பம் போல வருமா?" என்றார் மச்சான், கண்கலங்க. "ஓம், அந்தக் கைப்பக்குவம் ஒருத்தருக்கும் வராது" என்றது ஹோல் முழுவதும் ஒரே குரலில்.

ஒருவர் மிச்சமில்லாமல். சுற்றிப் பார்த்தேன். எல்லாம் ஒரே முகமாக இருந்தன. எதிர்ப்பக்கம் காலியாகக் கிடந்தது.

"சின்ன மாமிட வட்டிலப்பம் ஒரு நாளும் சரிவந்ததில்ல" என்றேன்.

கைகள் சோற்றில் நின்றன. ஓத வந்திருந்த மௌலவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்த பார்வை, முதல் விருந்தில் அத்தர் பூசிய மீனுக்குப் பிறகு நான் காணாதது. என் சஹனில் இருந்தவர்களுக்கு மெல்ல ஃபோன்கள் ஞாபகம் வரத் தொடங்கின. ஒருவர் கை கழுவ எழும்பினார். இன்னொருவர் பின்னால் போனார்.

அப்போது கோடியில் இருந்த சஹனிலிருந்து சின்ன மாமா எழும்பினார். இப்போது இன்னும் மெலிந்திருந்தார். ஒவ்வொருவர் தோளாகப் பிடித்துப் பிடித்து வந்து, "தள்ளி இரிங்க மருமகன்" என்று என் பக்கத்தில் காலை மடக்கி இருந்தார். ஒரு பிடி சோற்றை உருட்டி வாயில் போட்டு, மெதுவாக மென்று விழுங்கினார்.

"அரிவாள் வேணும் வெட்டுறத்துக்கு" என்றார்.

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்கள். என் மனைவியின் சிரிப்பு அது, எனக்குத் தெரியும். பிறகு பெரிய மாமியின் சிரிப்பு. பிறகு மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ட ஒரு பல்லு அதிலதான் ஆடினது" என்றார். ஹோல் முழுவதும் பிடித்துக்கொண்டது. மௌலவிகூடத் தாடியைத் தடவுவதுபோல வாயை மறைத்தார்.

நான் திரைச்சீலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அது அசையாமல் தொங்கியது. இந்த முறை சின்ன மாமாவை யாரும் அனுப்பியிருக்கவில்லை. அவராகவே வந்து இருந்தார், எழும்பிப் போகவுமில்லை. ஆறு பேருக்குரிய சோற்றை நாங்கள் இரண்டு பேரும் முடித்தோம்.